புதன்கிழமை வரும் வீடு

குடியாத்தம் செவ்வந்தியின் வீடு ஒவ்வொரு புதன்கிழமையும் காலை ஏழு ஐந்துக்குக் கிழக்கே அறுபது கிலோமீட்டர் வந்து, சோளிங்கரைத் தாண்டிய அவுட்டர் சிக்னலில் ரயில் பாதையை ஒட்டிய கரம்பில் உட்கார்ந்து, பதினோரு நிமிஷம் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்த நாட்களில், அந்த ரயிலில் சீசன் டிக்கெட்டில் போய்வந்த பெண்கள் யாரும் அதை அதிசயம் என்று சொன்னதில்லை. பால் வண்டி வருகிறது என்பதுபோல வீடு வருகிறது என்றார்கள், வந்ததும் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள், வாசலில் நிற்கிற பிள்ளைக்குக் கையாட்டினார்கள், அது போனதும் விட்ட இடத்திலிருந்து கீரை ஆய்ந்தார்கள். அதிசயப்படுவதற்கு நேரம் வேண்டும். அந்த ரயிலில் போகிறவர்களிடம் அது ஒன்றுதான் இல்லை.

செவ்வந்திக்கு வேலை சென்னையில், ஒரு கட்டிடப் பொறியாளரிடம், வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுத் தருவது. விடியுமுன் ஐந்து நாற்பதுக்கு ரயில் ஏறினால் திரும்பி வந்து செருப்பைக் கழற்ற இரவு பத்தாகிவிடும். ஊரார் வீட்டுச் சமையலறையைத் தென்கிழக்கில் வைத்து, பூஜை அறையை வடகிழக்குக்குத் தள்ளி, பிள்ளைகள் படிக்க ஒரு மூலை, விளையாட ஒரு மூலை என்று பார்த்துப் பார்த்து ஒதுக்கிக் கொடுத்தவளுக்கு, தன் பிள்ளை விளையாடுவதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அவள் கிளம்பும்போது நாலு வயசுத் தேனு தூங்கிக்கொண்டிருப்பாள், வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். நடுவில் அந்தப் பிள்ளை விழித்தது, சிரித்தது, விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டது, ஒன்றிலிருந்து இருபது வரை பதினாறை மட்டும் விட்டுவிட்டு எண்ணக் கற்றது எல்லாம் கணவன் தணிகைவேல் சொல்லிக் கேட்ட கதைதான். தணிகைவேல் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். பிள்ளையைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பாலர் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் கடை திறப்பான். குறை சொல்ல முடியாத மனுஷன், அதுவே அவளுக்குக் குறையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனபோது, தேங்காய்க்காரர் விளையாட்டாக, "இன்னா பாப்பா, இவங்க யாரு புதுசா?" என்று கேட்டார்.

"இவங்க எங்க ஞாயித்துக்கெழம அம்மா" என்றாள் தேனு, கேட்டதற்குப் பதில் சொல்கிற நல்ல பிள்ளையாக.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செவ்வந்தியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழியும் வரை அழுதாள். மறுநாள் பொறியாளர் தாமோதரன் சாரிடம், வாரத்தில் சில நாளாவது வீட்டிலிருந்தே வரைந்து அனுப்புகிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கூடக் கழற்றாமல், "வீட்லேர்ந்து வேலைன்னா வீட்டு வேலைதான்மா நடக்கும்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதனால்தான் அவள் ரயிலிலேயே வேலை செய்யத் தொடங்கினாள், போகும்போதே கொஞ்சம் முடித்துவிட்டால் சாயங்காலம் ஒரு மணி நேரமாவது முன்னால் கிளம்பலாமே என்று. ஓடுகிற ரயிலில் லேப்டாப்பின் தடவும் பலகையில் விரலை வைத்தால், நேராகப் போகவேண்டிய சுவர் கம்பளிப்பூச்சி மாதிரி நெளிந்தது. ஆகவே பயணத்துக்கென்று விற்கிற சின்ன மவுஸ் ஒன்று வாங்கினாள். வயர் கிடையாது. உள்ளங்கைக்குள் அடங்கும். மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு வைத்துக்கொள்ளலாம். மடியில் லேப்டாப், பக்கத்துச் சீட்டில் பரீட்சை அட்டை, அட்டை மேல் மவுஸ் என்று காட்பாடி வருவதற்குள் ஒரு படுக்கையறையை முடித்துவிடுவாள். அதில் ஒரே குறை, சார்ஜ் ஏற்றுகிற ஓட்டை அதன் வயிற்றில் இருந்தது. வயரைச் செருகினால் மல்லாந்து கிடக்கும், மல்லாந்து கிடக்கும்போது வேலை செய்யாது.

"தின்னா வேலை செய்யாது, வேலை செஞ்சா தின்னாது" என்றாள் ஆம்பூர் ஷம்ஷாத், சென்னையில் ஒரு அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருப்பவள். "பாதி நாள் எங்க ஆபீசுக்கு அனுப்பு, நல்லா ஒத்துப்போகும்."

அந்தப் பாதையில் ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின வேலைநாளில் ரயில் பெட்டிக்குப் பூஜை போடுவது வழக்கம். பெண்கள் பெட்டியின் வாசலில் வாழைக்கன்று கட்டி, ஜன்னலுக்கு ஜன்னல் மாவிலை செருகி, அவரவர் பிழைப்புக்கு உதவுகிற பொருளை ஒரு சீட்டில் பரப்பி வைப்பார்கள். பூஜைக்குத் தலைமை காட்பாடி ஜெசிந்தா அக்கா. ஆஸ்பத்திரி நர்ஸ், நெற்றியில் சிலுவைக்குறி இட்டுக்கொண்டே பொரி பொட்டலம் கட்டுவாள், அதில் யாருக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை. அவள் தன் தெர்மாமீட்டரை வைத்தாள். ஷம்ஷாத் தேதி முத்திரையை வைத்தாள். சென்னையில் பூ விற்கிற எல்லம்மா நார்ப்பந்தை வைத்தாள். செவ்வந்திக்கு லேப்டாப்பை வைக்க மனசு வரவில்லை, சந்தனம் எழுத்துகளுக்குள் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, மவுஸை மட்டும் நீட்டினாள்.

எல்லம்மா அதைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பொருளுக்கும் பொட்டு வைக்க முகம் எது என்று தெரியவேண்டுமே. வயிற்றில் சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம் எரிந்தது. வெளிச்சம் எங்கே உண்டோ அதுதான் முகம் என்று முடிவு கட்டி, அந்த வெளிச்சத்தின் மேலேயே தாராளமாகச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டாள்.

விடுமுறை முடிந்து ரயில் ஏறிய காலையில், செவ்வந்தி மவுஸை அட்டை மேல் வைத்து நகர்த்தியதும், அம்புக்குறி லேப்டாப்பின் வலது ஓரம் வரை வந்து, அங்கே நிற்காமல் ஓரத்தைத் தாண்டி ஜன்னல் கண்ணாடியில் ஏறி, கண்ணாடியையும் தாண்டி வெளியே போய், வயல் நடுவில் நின்ற ஒரு பனைமரத்தின் மேல் உட்கார்ந்தது. அவள் பழக்கதோஷத்தில் பட்டனை அழுத்தி இழுத்தாள். பனைமரம் வந்தது. இரண்டு வயல் தள்ளி, வேறு நாலு பனை நின்ற இடத்தில் அதை விட்டாள்.

"நல்ல காரியம் பண்ண" என்றாள் எல்லம்மா, பூக்கட்டிக்கொண்டே. "எத்தினி வருசமா அது தனியா நின்னுக்கினு இருந்தது, பாக்கவே பாவமா இருக்கும்."

காரணம் சந்தனமா, சாமியா, கம்பெனிக்காரன் செய்த கோளாறா என்று ஆராய யாருக்கும் தோன்றவில்லை. கேள்வி ஒன்றுதான் வந்தது, அதை ஜெசிந்தா அக்கா கேட்டாள். "மரம் வருதுன்னா வீடு வருமா?"

அந்த ரயில் தினமும் ஏழு ஐந்துக்கு அவுட்டரில் நின்று, பின்னால் வருகிற எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு, பதினோரு நிமிஷம் கழித்துக் கிளம்பும். தேனு விழிப்பது ஏழு மணிக்கு. செவ்வந்தி அம்புக்குறியை மேற்கே செலுத்தினாள். கண்ணுக்கு மறைந்த பிறகு எதிர்வீட்டுச் சகுந்தலா செல்போனில் வழி சொன்னாள். "வந்துருச்சி, குழாயடி மேல நிக்குது, இன்னும் வடக்க... கொஞ்சம் வடக்க... உங்க வீட்டு மேல வந்துருச்சி, புடி!" செவ்வந்தி பிடித்தாள், இழுத்தாள். காட்பாடி மலைக்கு மேலே, வாலாஜா தென்னந்தோப்புகளுக்கு மேலே, மாடியில் காய்ந்த துணி படபடக்க அவள் வீடு வந்தது. கரம்பில் தூசி எழும்ப உட்கார்ந்தது. கதவைத் திறந்துகொண்டு, கண்ணைக் கசக்கியபடி தேனு வாசலில் வந்து நின்றாள். "அம்மா" என்றாள். கொஞ்சம் யோசித்து, "இன்னிக்கு ஞாயித்துக்கெழமயா?" என்றாள்.

"புதன்கெழமடா கண்ணு" என்று சொல்லி, ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டிப் பிள்ளையின் தலையைத் தொட்ட செவ்வந்திக்கு, அந்தப் பதினோரு நிமிஷமும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிக்கொண்டே இருந்தது.

பிறகு வழக்கம் ஆனது. சாதாரணமாக மாதக்கணக்கில் நிற்கிற சார்ஜ், ஒரு வீட்டைக் கொண்டுவந்து திருப்பி வைத்ததும் தீர்ந்துபோனதால், ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டார்கள். திங்கள் ஷம்ஷாத், பரீட்சைக்குப் படிக்கிற மகளை எழுப்பித் திட்டுவதற்கு. செவ்வாய் ஜெசிந்தா அக்கா, ஊர் நோயாளிகளை எல்லாம் பார்த்தவள், பக்கவாதத்தில் படுத்திருந்த தன் வீட்டுக்காரருக்கு முகம் மழித்துவிட அப்போதுதான் அவளுக்கு வாய்த்தது. புதன் செவ்வந்தி. வியாழன் எல்லம்மாவின் மாட்டுக்கொட்டகை வந்தது, அவள் எருமை வேறு யார் கைக்கும் பால் சுரக்காது. வெள்ளிக்கிழமை மவுஸுக்கு ஓய்வு. அன்றைக்கு எல்லம்மா அதை மல்லாத்தி, பழைய சந்தனத்தின் மேல் புதுச் சந்தனம் வைப்பாள்.

ஊரும் அதற்கேற்ற மாதிரி வளைந்துகொடுத்தது. பால்காரர் புதன்கிழமை மட்டும் ஆறே முக்காலுக்கே செவ்வந்தி வீட்டில் ஊற்றிவிட்டுப் போனார். மின்கம்பி அறாமல் வீடு எப்படிப் போகிறது என்று பார்க்க வந்த லைன்மேன், கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, மீட்டர் ஓடுகிறதா என்று மட்டும் விசாரித்தார். பல் விழுந்த ஈறு மாதிரி தெருவில் வெறிச்சோடிய இடத்தில், அக்கம்பக்கத்தார் பதினோரு நிமிஷத்துக்கு மிளகாய் காயவைத்து, வீடு வரும் நேரம் பார்த்து அள்ளிக்கொண்டார்கள். வீடு இருந்த இடத்திலேயே மறுபடி உட்காருவதற்கு அடையாளம், வாசலில் சகுந்தலா போட்டுவைக்கிற கோலம். படி கோலத்தைத் தொடவேண்டும், மிதிக்கக் கூடாது. அவுட்டரில் நிலம் வைத்திருந்த கன்னியப்பன், "கடலச் செடி மேல மட்டும் வெக்காதீங்கம்மா" என்று கேட்டுக்கொண்டு, கரம்பில் நாலு மூலைக்கும் கல் நட்டுக் கொடுத்தார். ஒருமுறை டிக்கெட் பரிசோதகர் வந்து, ஜன்னலுக்கு வெளியே நின்ற வீட்டை மேலும் கீழும் பார்த்து, "சிக்னல மறைக்காம வைங்க" என்று சொல்லிவிட்டு, தணிகைவேல் நீட்டிய டீயைக் குடித்துவிட்டுப் போனார். வாசல் கிழக்குப் பார்த்து வை, வடக்குப் பார்த்து வை என்று ஆளாளுக்கு வாஸ்து சொன்னதுதான் பெரிய தொல்லை.

தேங்காய்க் கடையில் தேனு இப்போது, "எங்கம்மா ஞாயித்துக்கெழமயும் வருவாங்க, புதன்கெழமயும் வருவாங்க" என்று சொல்வதாகத் தணிகைவேல் சொன்னான். ஒரு நாள் இரண்டு நாள் ஆனதில் செவ்வந்திக்குச் சந்தோஷம்தான். ஆனால் வருவாங்க என்றுதான் பிள்ளை சொன்னது, இருக்காங்க என்று சொல்லவில்லை. விருந்தாளியைச் சொல்கிற சொல் அது. அவள் அதை யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவேண்டும் என்பார்கள். பூசாரியான எல்லம்மா பாசத்தோடு வெள்ளிக்கு வெள்ளி வைத்த சந்தனம், வெளிச்சத்தின் மேல் மட்டும் நிற்காமல் வழிந்து, பக்கத்தில் இருந்த சார்ஜ் ஓட்டைக்குள் இறங்கிக் காய்ந்து கெட்டியாகிக்கொண்டே வந்தது யாருக்கும் தெரியவில்லை. தை மாதம் ஒரு செவ்வாய் இரவு செவ்வந்தி செருகிய வயர் பாதிதான் உள்ளே போயிருந்தது. விடிய விடியக் கிடந்தும் மவுஸ் வயிறு நிறையவில்லை. மிச்சம் மீதி இருந்த சார்ஜில் புதன்கிழமை வீடு வந்துசேர்ந்தது. பதினோரு நிமிஷம் முடிந்து, திருப்பி அனுப்ப அவள் பட்டனை அழுத்தி வீட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கினாள். அட்டைமேல் கசிந்த சிவப்பு வெளிச்சம் இரண்டு முறை சிமிட்டியது. அணைந்தது.

அம்புக்குறி ஜன்னல் கண்ணாடியில் அப்படியே உறைந்தது. பட்டனை அழுத்தியிருக்கும்போதே உயிர் போனதால், பிடித்த பிடி பிடித்தபடி நின்றது. எக்ஸ்பிரஸ் கடந்துபோனது. சிக்னல் விழுந்தது. ரயில் கிளம்பியது. ஜன்னலோடு அம்பு போனது, அம்போடு வீடு வந்தது. கன்னியப்பனின் கடலைச் செடிகளுக்கு ஒரு சாண் மேலே, ரயிலுக்கு இணையாக, ரயிலின் வேகத்தில், கதவு திறந்த வீடு மிதந்துகொண்டு வந்தது. வாசற்படியில் தேனு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், கையில் ஜல்லிக்கரண்டியோடு தணிகைவேல்.

"செவ்வந்தி! வீடு ரயிலோட வருது!"

"தெரியுதுங்க! மொதல்ல பிள்ளையப் புடிங்க!"

"அடுப்புல எண்ண காயுது, பூரி போட்டுக்கினு இருந்தேன்!"

புதன்கிழமை அந்த வீட்டுக்குப் பண்டிகை நாள், அதனால் பூரி.

"அவுட்டர்லேர்ந்து கொஞ்ச தூரம் வெறும் வயலும் ஏரியும்தான்" என்றாள் ஷம்ஷாத், இருபது வருஷமாக அந்த ஜன்னலைப் பார்த்துவந்தவள். "அதுக்கப்பறம் புதுசா மேம்பாலம் கட்டுறாங்க, இந்தப் பக்கமாத்தான். தூண் எல்லாம் எழுப்பிட்டாங்க." அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அந்தத் தூண்களுக்கு இன்னும் பதினாலு நிமிஷம் இருந்தது.

யாரோ ஒருத்தி அபாயச் சங்கிலியைப் பிடிக்க எழுந்தாள். "ஒக்காரு" என்று அதட்டினாள் ஜெசிந்தா அக்கா. "ரயில் சட்டுன்னு நின்னா வீடும் சட்டுன்னு நிக்கும். படியில நிக்கிற கொழந்த எங்க நிக்கும்? சட்டியில கொதிக்கிற எண்ண எங்க நிக்கும்? அத இங்க குடு."

அவள் மவுஸை மல்லாத்தினாள். சந்தனத்தைப் பார்த்தாள். எல்லம்மா தலையில் அடித்துக்கொண்டு, "நான் பாவி, நான் பாவி" என்று அரற்ற, "பாவமும் இல்ல ஒண்ணும் இல்ல, வெளிச்சத்தப் புடி" என்று அவள் கையில் செல்போன் விளக்கைக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து உறை பிரிக்காத ஊசி ஒன்றை எடுத்தாள். முகத்துச் சந்தனத்தில் நகம்கூடப் படாமல், ஓட்டைக்குள் இருந்ததை மட்டும், காதுக் குறும்பி எடுப்பதுபோலப் பொடிப்பொடியாக நெம்பி ஊதினாள். ஷம்ஷாத் தன் போன் வயரைச் செருகினாள். கச்சிதமாக உள்ளே போனது. வாசலருகே இருந்த பிளக்கில் மறுமுனையை மாட்டினார்கள். மவுஸ் மல்லாந்தபடி மினுக்மினுக்கென்று தின்னத் தொடங்கியது.

"எத்தினி நேரம்க்கா?"

"அது தின்னட்டும். நீ போய் உன் பிள்ளகிட்ட நில்லு. இங்க நின்னு நீ செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல."

செவ்வந்தி பெட்டியின் வாசலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூக்கும்போது விலகியதால் பத்தடி தள்ளி அவள் வீட்டு வாசற்படி. அடுப்பை அணைத்துவிட்டு வந்த தணிகைவேல், பிள்ளையின் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது, பிள்ளை முகம் மலர்ந்திருந்தது.

"அம்மா, நம்ம வீடு ஓடுது!"

"ஆமாண்டா கண்ணு."

"நான் கம்பம் எண்ணட்டா?"

எண்ணினாள். ரயிலுக்கு அந்தப் பக்கம் ஓடிய மின்கம்பங்களை விரலை நீட்டி நீட்டி, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று உரக்க எண்ணினாள். ஒவ்வொரு எண்ணுக்கும் தூண்கள் அத்தனை கிட்டே வந்துகொண்டிருந்தன. பதிமூணு, பதினாலு, பதினஞ்சு. பதினேழு. கேள்வி ஞானமாக மட்டுமே தெரிந்திருந்த அந்த விடுபட்ட பதினாறு அவள் காதில் விழுந்தபோது, பயத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணீரும் வந்தது. இத்தனை நாள் இதைக் கேட்காமல் எங்கே போயிருந்தேன் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"பதினாற விட்டுட்ட பாரு."

"அது எனக்குப் புடிக்காது" என்றாள் தேனு.

ஏரிக்கரை போனது. செங்கல் சூளை போனது. தூரத்தில் சிமெண்டுத் தூண்கள் வரிசையாகத் தலைகாட்டின.

"போதும்" என்றாள் உள்ளே ஜெசிந்தா அக்கா. "அரை வயிறு நெறஞ்சிருக்குது. ஷம்ஷாத், உன் கை ஆடாத கை, நீ புடி." ஷம்ஷாத் பிஸ்மில்லா சொல்லி வயரைப் பிடுங்கி, மவுஸைக் குப்புறத் திருப்பி, பட்டனை விரலால் அழுத்தியபடியே அட்டைமேல் வைத்தாள். அடியில் சிவப்பு வெளிச்சம் மறுபடி கசிந்தது. கண்ணாடியில் உறைந்திருந்த அம்புக்குறி மெல்ல அசைந்தது.

"இப்ப மேல தூக்கி மேற்கால அனுப்பிடறேன்" என்று கத்தினாள் ஷம்ஷாத். "சகுந்தலாவுக்குப் போன் போடு!"

தேனு அதைக் கேட்டாள். வீடு போகப் போகிறது என்று அவளுக்குப் புரிந்தது. "நீ வரலியாம்மா?" என்றாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. பதில் என்ன என்று தெரிந்தவள் கேட்கிற மாதிரி, மரியாதையாகக் கேட்டாள். அந்த மரியாதைதான் செவ்வந்தியை அறுத்தது.

"ஷம்ஷாத்க்கா" என்றாள் அவள், திரும்பாமலே. "அனுப்பறதுக்கு முன்னாடி, கொஞ்சம் கிட்ட கொண்டாங்க."

ஷம்ஷாத் ஒரு நொடி அவள் முதுகைப் பார்த்தாள். ஆட்டோக்காரர் படியோரம் வண்டியை அணைப்பதுபோல, வீட்டை அங்குலம் அங்குலமாக இழுத்து, அதன் வாசற்படி பெட்டியின் படிக்கட்டோடு ஒட்டி நிற்கும்படி பிடித்தாள். ரயிலும் வீடும் ஒரே வேகத்தில் போனதால் இரண்டும் நின்றிருப்பது போலத்தான் இருந்தது. ஓடிக்கொண்டிருந்தது உலகம் மட்டும்தான்.

"வலது கால எடுத்து வச்சுப் போ கண்ணு!" என்று எல்லம்மா அழுகைக் குரலில் கூவினாள்.

கல்யாணமாகி வந்த நாளில் வைத்தது போலவே வலது காலை எடுத்து வைத்து, செவ்வந்தி தன் வீட்டுக்குள் போனாள். தணிகைவேல் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான், பிள்ளை அவள் கால்களைக் கட்டிக்கொண்டது. வீடு எழும்பியது. மேம்பாலத் தூண்கள் அவர்களுக்குக் கீழே கடந்துபோயின, அவற்றின் மேல் வேலை செய்த கொத்தனார்கள் கரண்டியைத் தூக்கிக் காட்டினார்கள். ரயில் கிழக்கே சின்னதாகிப் போனது. மூன்று பேரும் கூடத்துத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, திறந்த கதவு வழியாகப் பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டே ஆறிப்போன பூரியைத் தின்றார்கள். அவ்வளவு ருசியான பூரியைச் செவ்வந்தி அதற்கு முன் தின்றதில்லை.

குடியாத்தத்தில் சகுந்தலா போனில், "இன்னும் கொஞ்சம் தெக்க, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சார்ஜ் தீர்ந்து, வீடு கோலத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, வாசல் லேசாகக் கிழக்குப் பக்கம் திரும்பினாற்போல உட்கார்ந்துவிட்டது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. தெருவில் எல்லோரும் வந்து பார்த்து, வாஸ்துப்படி இதுதான் சரி என்றார்கள்.

பத்தரை மணிக்குத் தாமோதரன் சார் போன் செய்தார். செவ்வந்தி சுற்றி வளைக்கவில்லை. "சார், நான் வீட்டுல இருக்கேன். இனிமே வீட்லேர்ந்துதான் வரைவேன். வேணாம்னா சொல்லிடுங்க, வேற எடம் பாத்துக்கிறேன்" என்றாள்.

"அந்த ராணிப்பேட்டை பார்ட்டி சமையலறைய மாத்தச் சொன்னாரே, மாத்தியாச்சா?"

"ரயில் வாலாஜா வரும்போதே மாத்திட்டேன் சார்."

"அப்ப சரி" என்றார் அவர். "திங்கக்கிழமை மட்டும் வந்து தலையைக் காட்டிட்டுப் போங்க."

இரவு ஷம்ஷாத் ரயிலை விட்டு இறங்கி, லேப்டாப்பையும் மவுஸையும் வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தாள். செவ்வந்தி லேப்டாப்பை வாங்கிக்கொண்டு, மவுஸை, லேப்டாப்பில் செருகுகிற அதன் குட்டி ரிசீவரோடு கண்ணாடிக் கூட்டில் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இது பயணம் போறவங்களுக்குன்னு செஞ்சதுக்கா, உங்ககிட்டயே இருக்கட்டும். பள்ளிக்கூடத்துல உங்க பொண்ணுக்குக் குடுத்த லேப்டாப்புல மாட்டிக்கோங்க. எனக்கு வயர் வச்சது போதும், நான் எங்கயும் போகப்போறதில்ல." அன்றிலிருந்து எல்லம்மா சந்தனத்தை அதன் முதுகில்தான் வைக்கிறாள். முகத்தில் வைத்த பழைய பொட்டு போதும் என்று பெட்டியில் தீர்மானமாகிவிட்டது. புதன்கிழமை முறை காலியானதால் எருமைக்கு வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தேனு கண் விழித்தபோது, செவ்வந்தி பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அவளையே பார்த்தது.

"இன்னிக்குப் புதன்கெழமயாம்மா?"

"இல்ல, வியாழக்கெழம."

தேனு அதை யோசித்தாள். புதன்கிழமைகளில் போல, பதினோரு நிமிஷத்துக்குள் சொல்லி முடிக்கவேண்டியதை எல்லாம் அவசர அவசரமாகச் சொல்லத் தொடங்குவாள் என்று செவ்வந்தி காத்திருந்தாள். தேனுவோ அம்மாவின் முந்தானை நுனியை இழுத்துக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு, மறுபடி தூங்கிப்போனாள்.